தெருவில் விரித்த பாய்

அவனால் தனியாகச் சாப்பிட முடியாது. முதலில் அதைப் பழக்கம் என்று நினைத்தேன், பிறகு வியாதி என்று நினைத்தேன். பல்கலைக்கழகக் கேண்டீனில் ஒரு புரோட்டா வாங்கினால்கூட தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலையே பார்ப்பான். வருகிறவர் பேராசிரியரா, தண்ணீர் கேன் போடுகிறவரா என்றெல்லாம் பார்க்கமாட்டான். தட்டை நீட்டி "இத்ஃபத்தல்" என்பான். வாங்க, எடுத்துக்கோங்க என்று பொருள்.

எங்கள் ஆட்களிடம் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. "இப்பதாம்பா சாப்ட்டேன்." பசியில் கண் இருட்டிக்கொண்டு நிற்பவர்கூட அதைத்தான் சொல்வார். கூப்பிட்டவுடன் கையை நீட்டினால் வளர்த்தவர்களுக்குக் கெட்ட பெயர். அவன் ஊரிலோ வேண்டாம் என்று சொல்வது கூப்பிட்டவனை அடிப்பதற்குச் சமம். டவுணில் ஒரு நாள் அல்வா வாங்கிக் கொடுத்தேன். இலையில் சுடச்சுட வாங்கிக்கொண்டு ஆளாளுக்கு ஒரு மூலையில் நின்று தின்றுகொண்டிருந்தார்கள். இவன் தன் இலையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போனான். கையில் அல்வாவை வைத்துக்கொண்டே அவர்கள் வேண்டாம் என்று தலையாட்டினார்கள். "யா காசிம், இந்த ஊரில் எல்லாரும் எப்போது பார்த்தாலும் இப்போதுதான் சாப்பிட்டிருக்கிறார்கள். எப்படி?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவன் சூடான்காரன். ஒரு வருடப் பட்டயப் படிப்புக்கு எங்கள் துறைக்கு வந்தவன். வந்த வாரமே எங்கள் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ மேலப்பாளையம்தான? இவரு உங்க ஆளு. அரபி பேசுவாரு. நீதான் பாத்துக்கணும்." எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், அரபியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. அதை அவரிடம் விளக்குவதற்குள் அவன் என் தோளில் கை போட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான். பதில் சொல்லிவிட்டேன். நாங்கள் இருவரும் மணிக்கணக்கில் பேசுவோம் என்று துறைத்தலைவர் முடிவு செய்துவிட்டார்.

வெளிநாட்டுக்காரன், அதிலும் கறுத்து உயர்ந்த ஆள் என்றதும் ஊருக்குள் யாரும் வீடு தரவில்லை. கடைசியில் என் வாப்பாதான் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த தெருவாசல் அறையை ஒழித்துக் கொடுத்தார். வாப்பாவுக்கு பஜாரில் கைலிக் கடை. கொடுப்பதில் அவரை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. அறைக்கு மின்விசிறி, கட்டில், தண்ணீர்ப் பானை எல்லாம் அவன் கேட்காமலே வந்து சேர்ந்தன. யார் வீட்டிலும் கைநனைக்க மாட்டார், அது வேறு விஷயம். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மொய் எழுதிவிட்டு, "வயிறு சரியில்ல வே" என்று வந்துவிடுவார். அந்த வயிறு வீட்டுக்கு வந்ததும் சரியாகிவிடும்.

ரமலான் வருவதற்கு முந்தின வாரம் அவன் ஒரு கோரைப்பாய் வாங்கிவந்தான். பத்தமடைப் பாயைப் போல மெல்லியதில்லை, பந்தியில் விரிக்கிற நீளப் பாய். ஒற்றை ஆளுக்கு இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்டேன். சோளமாவு எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டான்.

பதிலை ஆற்றங்கரையில் சொன்னான். நோன்பு தொடங்கிய முதல் நாள், அசர் தொழுதுவிட்டுக் கருப்பந்துறைப் பக்கம் போய்த் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் ஊரில் இரண்டு பெரிய ஆறுகள் வந்து கலக்கின்றன என்றும், அவர்கள் தெரு அந்தக் கரையிலிருந்து நடக்கிற தூரம்தான் என்றும் சொன்னான். ரமலானில் அங்கே யாரும் வீட்டுக்குள் நோன்பு திறப்பதில்லையாம். ஒவ்வொரு வீட்டு ஆண்களும் தங்கள் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து பாயை விரிப்பார்களாம். வழியில் போகிற எவனையும் விடமாட்டார்களாம். பெரிய சாலைக்குப் போய்த் தலைப்பாகைத் துணியைக் குறுக்கே பிடித்து பஸ்ஸையே நிறுத்துவார்களாம். பாங்கு சொல்கிற நேரத்தில் ஒரு வழிப்போக்கன் பாயில் உட்காராமல் கடந்து போனால் அந்தத் தெருவுக்கே அவமானமாம்.

"எங்கள் தெருவில் பாயை விரிப்பவர் என் அப்பா" என்றான். கொஞ்சம் கழித்து, "விரித்தவர்" என்று திருத்திக்கொண்டான்.

அங்கே சண்டை மூண்டதும் ஒரு ரமலானில்தான். தாயும் இரண்டு தங்கைகளும் எகிப்துக்குப் போய் ஒரு மாடியறையில் இருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கிவிட்ட தகப்பனைப் பற்றித் தகவல் இல்லை. மாடியறைக்குத் தெருவாசல் கிடையாது, பாய் விரிக்க இடமில்லை. தாய் இவனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தாராம். உன் அப்பா பாய் இந்த வருடம் எங்காவது விரிந்திருக்க வேண்டும், அதில் ஆள் உட்கார வேண்டும். அவ்வளவுதான் விஷயம். சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அறை வாசலில் பாயை விரித்து, சோளக்களியைப் பெரிய தட்டத்தில் கொட்டி, நடுவில் குழித்து, வெண்டைக்காய் வற்றலை இடித்துப் போட்ட குழம்பை ஊற்றி, சுற்றிலும் பேரீச்சம்பழம் வைத்தான். வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு பாயின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தான். மீதிப் பாய் முழுவதும் காலியாக இருந்தது.

மேலப்பாளையத்தில் ரமலான் என்றால் வெளியூரிலிருந்து ஜகாத், சதக்கா என்று தர்மம் கேட்டு நிறையப் பேர் வருவார்கள். தெருவோரம் துணியை விரித்துத்தான் அவர்களும் உட்காருவார்கள். நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. புர்கா போட்ட ஒரு பெண் குனிந்து ஒரு வடைப் பொட்டலத்தைப் பாயில் வைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர் கஞ்சித் தூக்கை வைத்தார். ஒரு பெரியவர் ஒரு நோட்டைப் போட்டார். அவன் எழுந்து அந்த நோட்டோடு அவர் பின்னால் ஓடி, கையைப் பிடித்து, "இத்ஃபத்தல், இத்ஃபத்தல்" என்று பாய்ப் பக்கம் இழுத்தான். பெரியவர் பயந்துபோனார். "எங்கிட்ட இம்புட்டுதாம்பா இருக்கு" என்று கையை உருவிக்கொண்டு பள்ளிவாசலுக்குள் போய்விட்டார்.

பாங்கு சொன்னபோது பாயில் பலகாரம் நிறைந்திருந்தது, ஆள் இல்லை. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். "நீ வீட்டுக்காரன், விருந்தாளி ஆகமாட்டாய்" என்றான். ஆனாலும் நான் கையை வைத்த பிறகுதான் அவன் வாயில் பேரீச்சம்பழம் போனது.

அப்போதுதான் தாயின் அழைப்பு வந்தது. எங்களுக்குப் பொழுது சாய்கிற மஃரிப் என்றால் அங்கே நடுப்பகல் தாண்டிய நேரம். அந்தம்மா இன்னும் நோன்போடு இருந்தார். திரையில் ஒடுங்கிய முகம், தலையைச் சுற்றிய பூப்போட்ட துணி. பாயில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அரபியில் சரசரவென்று ஏதோ சொன்னான். அதில் "அபூ காசிம்" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. காசிமின் தகப்பன். அந்தம்மா இரண்டு கைகளையும் ஏந்தி துஆ கேட்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமீன் சொன்னேன்.

"என்ன சொன்ன?" என்று பிறகு கேட்டேன்.

"உன் அப்பா வந்தார், தம்பிமாரோடு வந்தார், எழுந்து போகவே மனமில்லை அவருக்கு என்றேன். பொய்தான். நாளைக்கு உண்மையாக்கிவிடுகிறேன்."

மறுநாளும் உண்மையாகவில்லை. அடுத்த நாளும் இல்லை. நோன்பாளி கேட்கிற துஆ வீண்போகாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். பகலெல்லாம் பசித்துக் கிடக்கிற ஒரு தாய், நடக்காத ஒரு விருந்துக்காக, என் வாப்பாவுக்கு நீண்ட ஆயுளும் கடை வியாபாரத்தில் பரக்கத்தும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தினமும் ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லாமலும் இருக்க முடியாது, பக்கத்தில் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

வாப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கண்ணில் பட்டது பாய் மட்டும்தான். "ஏலே காசிம், அவன உள்ள உக்காரச் சொல்லு. தெருவுல தட்ட வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா பாக்குறவன் என்ன நெனப்பான்? நாம சோறு போடலன்னுல்லா நெனப்பான்" என்றார். அந்தப் பழியைப் போக்க அவர் கண்ட வழி, இன்னும் நிறைய அனுப்புவது. உம்மா கஞ்சி, சமோசா, கடல்பாசி என்று தினம் ஒரு தட்டம் கொடுத்துவிடுவார். அவன் நெஞ்சில் கை வைத்து வாங்கிக்கொள்வான். வாங்கியதை அப்படியே பாயில் பரப்பி வழியைப் பார்த்துக்கொண்டு உட்காருவான். வாப்பா அனுப்ப அனுப்பப் பாயின் காலியிடம் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஒரு நாள் வாப்பாவையே மறித்துவிட்டான். பள்ளிவாசலுக்குப் போக வாப்பாவும் அங்கே தொழவைக்கிற ஹஜ்ரத்தும் பேசிக்கொண்டு வந்தார்கள். இவன் எழுந்து இரண்டு கைகளையும் விரித்து வழியில் நின்று, அவர்கள் ஊர் வழக்கப்படி, "அலய்ய தலாக்" என்று ஆணையிட்டான். நீங்கள் உட்காரவில்லை என்றால் என் மனைவி எனக்குத் தலாக் ஆகட்டும் என்று அர்த்தம். அங்கே விருந்துக்கு வற்புறுத்துகிறவன் வாய்க்கு வாய் சொல்வதாம். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூட யாரும் உச்சரிப்பதில்லை. வாப்பா ரெண்டு அடி பின்னால் போனார்.

"யார தலாக் சொல்லுதான் இவன்?" என்றார்.

ஹஜ்ரத்துக்கு அரபி தெரியும். விசாரித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பயப்படாதீங்க பாய். இவனுக்கு இன்னும் நிக்காஹே ஆகலியாம். நீங்க போனா ஒரு குடும்பமும் கெட்டுப்போகாது" என்றார். அதோடு ஜமாஅத்தோடு நோன்பு திறப்பதுதான் நல்லது, நீயும் பள்ளிவாசலுக்கு வா என்று அவனை அழைத்தார்.

அவன் ஒரு நாள் வந்தான். வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கோப்பைக் கஞ்சியைக் குனிந்த தலை நிமிராமல் குடித்துவிட்டு, இகாமத் சொன்னதும் எழுந்து தொழுதோம். திரும்பி வரும்போது, "அத்தனை பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தனியாகச் சாப்பிட்டார்கள்" என்றான். குறையாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னான். மறுநாள் மறுபடி பாயை விரித்தான். என் வீட்டார் மேல் எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. உம்மா கொடுத்த தட்டத்தை வேண்டுமென்றே தாமதமாகக் கொண்டுபோனேன்.

ரமலான் முடியப் போகிறது. இன்றோ நாளையோ பிறை தெரிந்துவிடும் என்கிற நிலையில் அவன் தன் தலைப்பாகையைக் கழற்றினான். அவிழ்க்க அவிழ்க்கத் துணி வந்துகொண்டே இருந்தது. ஒரு முனையை என்னிடம் கொடுத்தான். பஜாருக்குத் திரும்புகிற முக்கில் தெருவின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். ஏன் பிடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டவுண் பஸ் வந்து துணியை உரசிக்கொண்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏலே, சாவக்கூடிய பயலுவளா. என்னலே இது நடுரோட்டுல?"

"அண்ணாச்சி, கோவப்படாதீங்க. இவரு வெளிநாட்டுக்காரரு. நோன்பு தொறக்கக் கூப்பிடுதாரு."

"யார?"

"உங்களத்தான். பஸ்ஸுல உள்ள எல்லாரையும்."

"நான் நோன்பு புடிக்கலியே வே."

நான் கேட்டுச் சொன்னேன். "பசிச்சா போதும்ங்காரு."

டிரைவர் அவனைப் பார்த்தார். நெற்றியில் திருநீறு, நரைத்த மீசை, காக்கிச் சட்டையில் வியர்வை உப்பாகப் பூத்திருந்தது. பின்னாலிருந்து கண்டக்டர், "அண்ணாச்சி, டைம் ஆயிட்டு" என்றார். டிரைவர் இன்ஜினை அணைத்தார். "கெடக்கட்டும்வே. சோத்துக்கு வான்னு ஒருத்தன் கையப் புடிச்சி இழுக்கான், மாட்டேன்னு எப்படிப் போவ? மத்தியானத்துலேருந்து ஒரு டீதான் குடிச்சிருக்கேன்."

அவர் இறங்கினார். கண்டக்டர் இறங்கினார். பூக்கூடையோடு ஒரு அம்மா, கொத்து வேலை முடித்து வந்த நாலைந்து பேர், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. இரண்டு பேர் திட்டிக்கொண்டே நடந்து போனார்கள். சிலர் பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆனாலும் பாய் நிறைந்தது. பாங்கு சொல்லும்வரை யாரும் தட்டத்தில் கை வைக்கவில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவும் இல்லை. டிரைவர் களியை உருட்டி வாயில் போட்டுவிட்டு, "நம்ம ஊரு களிதானவே இது" என்றார். அவன் ஒவ்வொருவர் பக்கமாகத் தட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தான். அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அழைப்பு வந்தது. அவன் எழுந்து நின்று பாய் முழுவதையும் திரையில் காட்டினான். அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அவன் கை அப்படியே நின்றுவிட்டது. கேள்வி எனக்கும் புரிந்தது. இதில் அபூ காசிம் யார்?

வாப்பா பள்ளிவாசலுக்குள் இருந்தார். அவன் என்னைப் பார்த்தான். முதல் பொய்யை அவன் சொன்னான் என்றால் இரண்டாவதை நான் செய்தேன். அவன் கையிலிருந்து போனை வாங்கி டிரைவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "அண்ணாச்சி, இவரு அம்மா. உங்ககிட்ட பேசணுமாம்."

டிரைவர் இடது கையால் மீசையைத் துடைத்துக்கொண்டார். "நல்லாருக்கீங்களா தாயி? பிள்ளையப் பத்திக் கவலப்படாதீங்க. இங்கன நாங்க இருக்கோம்லா" என்றார்.

அந்தம்மாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் அழுதார். டிரைவரைப் பார்த்து, "அபூ காசிம், அபூ காசிம்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். டிரைவர் பெரிய மரியாதையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பஸ் போன பிறகு தெரு முழுக்க அதே பேச்சு. மறுநாள் கடையிலிருந்து வந்ததும் வாப்பா என்னைக் கூப்பிட்டு, பாயில் ஊர்ப்பட்ட ஆட்களை உட்கார வைத்து என்ன கூத்து என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆற்றங்கரையில் கேட்டது, அவன் தகப்பன், மாடியறை, தினமும் நடந்த துஆ. கொஞ்சம் கோபமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"எனக்காவா துஆ கேட்டாங்க?"

"ஆமா வாப்பா. தெனமும்."

"நான் என்னலே செஞ்சேன்?"

"தெனமும் அவரு பாயில உக்காந்து நோன்பு தொறந்தீங்கல்லா. அதுக்கு."

வாப்பா கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அவரை அடித்துவிட்டதுபோல எனக்கு இருந்தது.

அன்றுதான் கடைசி நோன்பு. சாயங்காலம் உம்மா வழக்கம்போல் தட்டத்தை நிரப்பி வைத்தார். வாப்பா அதை மூடிவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் கொண்டுபோவ வேண்டாம்" என்றார். வெறுங்கையோடு தெருவில் இறங்கினார். அந்தப் பக்கம் பள்ளிவாசல், இந்தப் பக்கம் பாய். ஒரு நிமிடம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் வலியோடு ஒரு கையை ஊன்றிப் பைய உட்கார்ந்தார். அவன் தட்டத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தான். பாங்கு சொன்னதும் வாப்பா அவன் களியை எடுத்து வாயில் போட்டார். அடுத்தவர் தட்டில் அவர் கைவைத்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவன் அன்று எதுவும் சாப்பிடவில்லை, வாப்பா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. வாப்பா விரலைத் துடைத்தார். தொப்பியைச் சரிசெய்தார். தாடியை ஒருமுறை தடவிக்கொண்டு, முகத்தைப் போன் இருந்த பக்கம் திருப்பி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவன் போனைத் திருப்பவில்லை. திருப்ப முடியாது. அந்தம்மாவுக்கு அபூ காசிம் யார் என்று தெரியும், நரைத்த மீசையும் காக்கிச் சட்டையும் அவர் கண்ணில் நேற்றுதான் பதிந்திருந்தன. இன்னொரு முகத்தைக் காட்டினால் மாதம் முழுவதும் சொன்னது அத்தனையும் வெளியே வந்துவிடும். அவன் போனைத் தன் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் உயர்த்தி வாப்பாவைப் பார்த்தான். வாப்பாவுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. திரையில் தன் தோள் பட்டுவிடாதபடி கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

போனுக்குள்ளிருந்து அந்தம்மாவின் குரல் வந்தது. அபூ காசிமுக்கு ஆயுள், அபூ காசிமுக்குப் பரக்கத், அபூ காசிமின் பிள்ளைகளுக்கு நல்வாழ்வு. வாப்பா இரண்டு கைகளையும் ஏந்தி, அந்தம்மாவுக்குக் கேட்டுவிடாமல், உதட்டை மட்டும் அசைத்து ஆமீன் சொன்னார்.